வெளியே ஒரு பெட்டி

ஸ்போகேனில் அந்த ஜூலை மாதம்
தார்ச்சாலை பூட்ஸைப் பிடித்து இழுத்தது.
நானும் டாரலும் லாரியிலிருந்து ஏணியை இறக்கும்போதே
ஹாகன் தம்பதி வெளியே வந்தார்கள்,
அவர் முன்கதவால், அந்த அம்மாள் பின்கதவால்.

உள்பெட்டி இரண்டு.
வெர்லுக்கு மேற்கு அறை, லொரெய்னுக்குக் கிழக்கு.
நடுவில் கூடம், மூடிய பியானோ,
அதன்மேல் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்த தபால்.
நாற்பத்தொரு வருஷம், என்றார் வெர்ல், கேட்காமலே.
வீட்டை விற்றால் ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது, என்றார் லொரெய்ன்,
அதையும் நான் கேட்கவில்லை.
ஸ்பிளிட் என்றால் பிரிப்பது, தெரியும்.
இப்படியும் பிரிப்பார்கள் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை.

சுவரில் மூன்றங்குல வட்டம்.
வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகச் சாய்த்துத் துளைக்கவேண்டும்,
இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பிப் படுக்கைக்கு வரும்.
டிரில் மரத்தூளையும் பழைய பஞ்சையும் துப்பிவிட்டு
மறுபக்கம் எட்டிப் பார்த்ததும்
வெயில் ஒரு நாணயமாக
லொரெய்னின் தலையணையில் விழுந்தது.
அவர் விரல் வைத்துப் பார்த்தார்,
சுடுகிறதா என்று.

தாமிரம் பொறுமைசாலிக்கு வளையும்.
அவசரக்காரனிடம் நசுங்கும்,
நசுங்கியது நிமிராது.
டாரல் முனையை விரித்தான், நட்டை முறுக்கினான்.
வேக்குவம் பம்ப் முனகத் தொடங்கியது.

கேஸ் ஓடப்போகிற வழியில்
ஒரு மூச்சு ஈரம்கூட இருக்கக்கூடாது.
மீட்டரில் எண் ஐந்நூறுக்குக் கீழே இறங்கியதும்
பம்ப்பை நிறுத்திவிட்டுக் குந்தி உட்காரவேண்டும்.
இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான்.
செய்வதற்கு ஒன்றுமில்லை,
எண் எழாமல் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர.

எழுந்தது.
அறுநூறு. தொள்ளாயிரம்.
நைட்ரஜன் ஏற்றி, இணைப்பு இணைப்பாகச் சோப்புநீர் தடவினோம்.
ஒரு நட்டின் விளிம்பில்
கடுகுக் கடுகாகக் குமிழ்.
யார் பக்கம்? என்றார் லொரெய்ன், ஜன்னலுக்குள்ளிருந்து.
சார் பக்கம்.
நினைத்தேன், என்றார்.

டாரல் காது சிவக்க முனையை வெட்டி மறுபடி விரித்தான்.
குற்றம் அவனுடையது, அதைச் சொல்ல
யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஆறரை மணிக்கு இருவர் கையிலும் ஆளுக்கொரு ரிமோட்.
ஒரு விஷயம், என்றேன்.
அறைக்கு அறை அளவு மாற்றிக்கொள்ளலாம்,
இங்கே அறுபத்தெட்டு, அங்கே எழுபத்தைந்து, உங்கள் இஷ்டம்.
ஆனால் வெளியே பெட்டி ஒன்றுதான்.
ஒருவர் குளிரையும் ஒருவர் வெப்பத்தையும் கேட்டால்
முந்தியவருக்குக் கிடைக்கும்,
மற்றவருடையது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.
இது குளிரா, வெப்பமா என்பதை மட்டும்
நீங்கள் இரண்டு பேரும் பேசித்தான் வைக்கவேண்டும்.

டாரல் தன் பூட்ஸைப் பார்த்தான்.
வெர்ல் ஒரு சிரிப்பை இருமலாக மாற்றினார்.
வக்கீல்கூட இதை எழுதவில்லையே, என்றார் லொரெய்ன்
ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அக்டோபரில் போன் வந்தது.
எத்தனை டிகிரியில் மாற்றுவது வழக்கம்?
பின்னாலிருந்து வெர்ல்: இன்னும் குளிரே வரவில்லை என்று சொல்.
எனக்கு விரல் மரத்துப் போகிறது, வெர்ல்.
ஸ்வெட்டர் எங்கே?
உன் அறையில்தான், கீழ்த் தட்டில்.

வழக்கம் என்று ஒன்றுமில்லை அம்மா, என்றேன்.
போனை எதன்மேலோ வைத்த சத்தம், மரத்தின்மேல்.
துண்டிக்க மறந்துவிட்டார்கள்.
ஒரு கதவு திறந்தது. ஒரு இழுப்பறை.
சொற்கள் புரியவில்லை, குரல்கள் மட்டும்.

லாரியில், எஞ்சினை அணைத்துவிட்டு
ஏழு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
எழாமல் இருக்கிறதா என்று.